நாட்குறிப்பும் நாட்டு வரலாறும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று வரலாறு கற்பித்தவன் நான். கருநாடகப் போர்கள் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துவேன். 1746இல் சென்னை வீழ்ந்தது, 1754இல் தூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார், 1760இல் வந்தவாசிப் போர், 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது என்று ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்வேன். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, வெள்ளைக்காரர்கள் இருவரும் சண்டையிட்டார்கள். அந்த நாளில் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்று கேட்டான். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன்.

அந்த விடை எனக்கே பிடிக்கவில்லை. அவன் கேட்டது குறும்பன்று. வரலாற்றின் தலையாய கேள்வி அது. அதற்குரிய விடையைத் தேடப் புகுந்தபோதுதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். ஒரு தனி மனிதர் தமக்கென்று எழுதி வைத்த ஏட்டை மதிப்பிடுவது எவ்வாறு? அதன் வடிவம் என்ன, பொருள் என்ன, படிப்பவர் உள்ளத்தை அது ஈர்ப்பது எதனால் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிள்ளை 1709ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகத்தின்பொருட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். அவர்தம் நெருங்கிய உறவினரான நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கும்பெனிக்கும் உள்நாட்டு வணிகர்க்கும் அரசர்க்கும் இடையே நின்று எல்லாக் காரியங்களையும் நடத்தி வைப்பவர். இத்தகைய செல்வாக்குடைய நைனியப்பரை 1716ஆம் ஆண்டில் கவர்னர் எபேர் சிறையிலிட்டார். அவர் பொருள்கள் பறிமுதலாயின. மறு ஆண்டே அவர் சிறையில் உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்கே சென்று முறையிட்டு நீதி பெற்றுத் திரும்பினார். இவையெல்லாம் ஆனந்தரங்கர் சிறுவராயிருந்தபோது அவர் குடும்பத்தில் நிகழ்ந்தவை. ஆட்சியாளரின் அருள் எவ்வளவு உயரத்தில் ஏற்றும், அவர் சினம் எவ்வளவு ஆழத்தில் தள்ளும் என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில், நாட்குறிப்பைத் தொடங்கினார். கண்டதையும் கேட்டதையும், கப்பல்களின் வரத்தையும் போக்கையும், நாட்டில் நிகழும் புதுமைகளையும் எழுதி வைப்பதே அவர் மேற்கொண்ட வேலை. இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டென்றாலும், இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, 1761இல் மறையும்வரை, அந்த வேலை தொடர்ந்தது.

இனி வடிவத்தைப் பார்ப்போம். இது வணிகர் ஒருவர் கணக்கு எழுதும் முறையில் எழுதிய நாட்குறிப்பு. தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, அதற்கு ஒத்த ஐரோப்பியத் தேதி, கிழமை ஆகியவை முதலில் வரும். பிறகு இத்தனை நாழிகைக்கு இன்னார் வந்தார், இன்னது சொன்னார், நான் இன்ன மறுமொழி சொன்னேன் என்று செய்தி தொடரும். பற்று எது, வரவு எது என்று பதிவு செய்யும் கை, மனிதரின் சொற்களையும் அவ்வாறே பதிவு செய்திருக்கிறது. இலக்கண நடையை இதில் எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவர். பேச்சுத் தமிழோடு பிரெஞ்சும் போர்ச்சுகீசியமும் பாரசீகமும் தெலுங்கும் கலந்து ஓடும் நடை அது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக் கடைத்தெருவில் நின்றால் என்ன காதில் விழுந்திருக்குமோ, அதுவே தாளில் விழுந்திருக்கிறது. செய்யுளே எழுத்து என்று புலவர் உலகம் எண்ணியிருந்த காலத்தில் இத்தனை ஆயிரம் பக்கங்கள் உரைநடையில் எழுந்தன என்பதை நாம் மறத்தல் கூடாது.

புதுச்சேரியில் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் நாட்டு முறையில் அமைந்தது; மேல்தளம் பிரெஞ்சுக்காரர் முறையில் அமைந்தது. அந்த வீட்டைப் பார்த்தபோது, அவர் எழுத்தும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. செய்தி ஐரோப்பியரைப் பற்றியதாயினும், அதைத் தாங்கி நிற்பது தமிழ்.

பொருளை நோக்கினால், அரசியல் வரலாறு தேடுவோர்க்கு இது குறையாத களஞ்சியம். 1746இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனேவுக்கும் கவர்னர் தூப்ளேவுக்கும் மூண்ட பிணக்கு, 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டது, 1750இல் நாசிர் சங்கு கொல்லப்பட்டது முதலானவற்றை அருகிருந்து அறிந்தவரின் குறிப்புகள் இவை. ஆனால் என் மாணவனுடைய கேள்விக்கு விடை இந்தப் பெரிய செய்திகளுக்கு இடையே கிடக்கிறது. துணிக் கட்டுகள் பிந்திப் போனதற்காக வணிகர்கள் பேச்சு வாங்குகிறார்கள். கப்பல் வரவில்லையே என்று கரையில் ஏங்குகிறார்கள். முற்றுகை வருமென்ற பேச்சு எழுந்ததும் பெண்டு பிள்ளைகளை வெளியூர்க்கு அனுப்புகிறார்கள். அடிமைகளாக விற்பதற்காக ஆட்களை ஏமாற்றிக் கடத்திய கொடுமையும் இதில் இடம் பெற்றிருக்கிறது. கிறித்தவக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நிறுத்திய சுவர் ஒன்றை எதிர்த்து, அம்மக்களே பாதிரியாரிடம் முறையிட்ட செய்தியை 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் காண்கிறோம். அந்த மக்களின் குரலைப் பாடநூல் எழுதிய எவரும் நமக்குக் கேட்பித்ததில்லை. அந்த முறையீட்டில் எவ்விதப் பரிவும் இல்லாத ஒருவர், நடந்தது நடந்தபடி எழுதி வைத்ததால் அது நமக்குக் கிடைத்தது.

பிள்ளையை ‘இந்தியாவின் பீப்ஸ்’ என்று அழைப்பதுண்டு. சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதியவர். 1666இல் அந்நகரை எரித்த பெருந்தீயைக் கண்டு எழுதியவர். அவர் பிறர் எளிதில் படிக்காதவாறு சுருக்கெழுத்தில் எழுதினார். பிள்ளைக்குச் சுருக்கெழுத்து தேவைப்படவில்லை. அவரை ஆண்டவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழே பூட்டாக இருந்தது. கவர்னரின் எதிரில் பணிந்து பேசிய நா, வீட்டுக்கு வந்து தன் மொழியில் மனத்தைத் திறந்தது. ஒப்புமை இவ்வளவில் நிற்கும். பீப்ஸ் தம் சொந்த அரசின் அலுவலர். பிள்ளையோ அயலார் ஆட்சியில் இடைநின்றவர். அந்த இடைநிலையின் இடர்ப்பாடு பீப்ஸின் ஏட்டில் கிடையாது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு முழுமை பெறாது. பிள்ளை தற்புகழ்ச்சிக்கு அஞ்சாதவர். தமக்குக் கவர்னர் சொன்ன பாராட்டைத் தவறாமல் எழுதி வைப்பார். சோதிடத்தில் அளவிறந்த நம்பிக்கை உடையவர். சாதிப் பற்று மிகுந்தவர். பகைவரிடத்தில் நல்லதொன்றும் காணமாட்டார். தூப்ளேயின் மனைவியார் புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேச அறிந்தவர். அவரைப் பற்றிப் பிள்ளை எழுதியவற்றை எதிர்க்கட்சி வழக்கறிஞரின் வாதமாகக் கொள்ளவேண்டுமே அன்றி, நடுவரின் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் இக்குறைகள் ஏட்டின் மதிப்பைக் குறைக்கவில்லை. பிள்ளை மீது தமிழில் ‘ஆனந்தரங்கக் கோவை’யும் வடமொழியில் ‘ஆனந்தரங்க சம்பு’வும் எழுந்தன. புகழ்நூல்களில் குறையே இல்லாத வள்ளலைக் காணலாம். அச்சமும் பொறாமையும் ஆசையும் உடைய மனிதரை நாட்குறிப்பில்தான் காண்கிறோம்.

அந்த மனிதரை மிக அருகில் காட்டும் பகுதி 1748ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் குறிப்புகள். ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்த வேளையில், கிறித்தவக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பலகாலமாக அதை அகற்ற முயன்றவர்களுக்குப் போர் ஒரு சாக்காயிற்று. ஊரார் கொதித்ததையும், தாம் அதைத் தடுக்க வழியின்றி நின்றதையும், நெஞ்சம் நொந்ததையும் பிள்ளை எழுதுகிறார். பழியைப் பிறர்மேல் சுமத்துகிறார். எனினும் பதவியைத் துறக்கவில்லை. மறுநாளும் கவர்னரிடம் செல்கிறார், வழக்கமான வேலையைப் பார்க்கிறார்.

இந்தப் பக்கங்களை முதன்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறுமுறை படித்தபோது நைனியப்பரின் சிறைக்கூடம் நினைவுக்கு வந்தது. எதிர்த்து நின்றவர் என்ன ஆவார் என்பதை ஏழு வயதிலேயே கண்டவர் அவர். அவரை வீரர் என்று நான் போற்றமாட்டேன். கோழை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடவும் மனம் துணியவில்லை. மேலதிகாரியின் ஆணை தவறென்று தெரிந்தும் தலையசைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நம்மிலும் பலர் உளர். நானும் என் பணிக்காலத்தில் அவ்வாறு திரும்பிய நாட்கள் உண்டு. ஆனால் அன்றிரவு அதை எழுதி வைத்தேனா என்று கேட்டால், இல்லை. பிள்ளை எழுதி வைத்தார். அந்த ஏடு நம்மை ஈர்ப்பது இதனால்தான் என்பேன். தம் பெருமையைச் சொல்லப் புகுந்தவர் தம் இயலாமையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

1756இல் அவர் பதவி போயிற்று. செல்வாக்குத் தேய்ந்தது, உடல் நலிந்தது. ஆயினும் எழுத்து நிற்கவில்லை. பெருமைக்காக மட்டும் எழுதியவராயின் அன்றே எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாட்கள் முன்பு, அவர் காலமானார். கோட்டையும் நகரும் பின்னர் இடித்துத் தகர்க்கப்பட்டன. தாளில் எழுதியது தப்பியது.

தப்பியது என்று சொல்லும்போது நாம் நாணவும் வேண்டும். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஏடுகள் வீட்டில் கிடந்தன. 1846இல் அவற்றின் மதிப்பை உணர்ந்து படியெடுத்தவர் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆரியேல் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948ஆம் ஆண்டில்தான். 12 தொகுதிகளும் ஒருசேரத் தமிழில் கிடைத்தது 2019ஆம் ஆண்டில். தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழர் படிப்பதற்கு முன்னர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் படித்து முடித்துவிட்டனர்.

இது பிள்ளையோடு முடிந்த கதையும் அன்று. புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கரும் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கணக்குப் புத்தகங்களும் கடிதக் கட்டுகளும் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் இருக்கின்றன. வீட்டை இடிக்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். போடுவதற்கு முன்பு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். தாத்தா வாங்கிய நெல்லின் விலையும், பாட்டி பெற்ற கடிதமும், ஊரில் நிகழ்ந்த ஒரு வழக்கின் செய்தியும் அதில் இருக்கலாம்.

கடைசி வரிசை மாணவனுக்கு நான் அன்று தவறான விடை சொன்னேன். இன்று அவன் எதிரில் நின்றால் இவ்வாறு சொல்வேன்: “தம்பி, நம் ஊர்க்காரர்கள் துணி நெய்தார்கள், கப்பலுக்குக் காத்திருந்தார்கள், பஞ்சத்துக்கும் படைக்கும் அஞ்சினார்கள், சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டார்கள், கோயிலை இடித்தபோது அழுதார்கள். அவர்களுள் ஒருவர் இவற்றையெல்லாம் எழுதியும் வைத்தார். பாடத்தில் இல்லாவிட்டால் என்ன? ஏட்டில் இருக்கிறது, வா, படிப்போம்.”