திணிவு தெரிந்த சோடி

நட்சத்திரம் எரியும், கோள் எரியாது என்றுதான் நாங்கள் பள்ளியில படித்தோம். 1960களின் தொடக்கத்தில், இந்தியாவில் பிறந்த ஷிவ் குமார், நடுவில் இன்னொரு வகை இருக்க வேணும் என்று கணக்குப் போட்டார். சூரியனின் திணிவில் ஏறக்குறைய 8 வீதத்துக்குக் கீழே போனால் மையத்தில் ஐதரசன் நிலையாக எரியாது. 1975இல் ஜில் டார்ட்டர் வைத்த பெயர் பழுப்புக் குள்ளன். (பழுப்பு நிறமே இல்லை, கறுப்புக் குள்ளன் என்ற பெயரை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்!) உறுதியான சான்று 1995இல்தான் கிடைத்தது.

கண்டால் போதுமா? தனியாக மிதக்கிறதை எந்தத் தராசில் வைப்பது? ஒளியைப் பார்த்து, கோட்பாட்டைக் கொண்டு திணிவை ஊகித்தார்கள். பிறகு அதே திணிவை வைத்து அந்தக் கோட்பாட்டை எப்படிச் சோதிக்கிறது?

2006இல் கெய்வன் ஸ்டாசன் குழு, நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரியன் நெபுலாவில் ஒரு சோடியை அறிவித்தது. வயது ஏறத்தாழ 10 இலட்சம் வருசம், பச்சைக் குழந்தைகள். 10 நாளுக்குச் சற்றுக் குறைவான ஒரு சுற்றில் ஒன்றையொன்று மறைக்கும். மறைக்கும் நேரமும் சுற்றும் வேகமும் சேர்ந்து திணிவைச் சொல்லிவிட்டன: சூரியனின் 5.4 வீதம், 3.4 வீதம்.

ஆனால் திணிவு கூடியதுதான் குளிராக இருந்தது. கோட்பாடு சொன்னது நேர்மாறு. காந்தப்புலம் வெப்பத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். வெப்பத்தை மட்டும் பார்த்து ஊகித்திருந்தால், பெரியதைச் சின்னது என்றுதான் எழுதியிருப்பார்கள்.