தேக்கடி: பாசனம் காத்த காடு

கனடாவின் டடூசாக் கிராமத்துக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு இயற்கையே இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. சாகினே ஆறு செயின்ட் லாரன்ஸில் கலக்கும் அங்கே ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். அதில் பெருகும் சிற்றுயிர்களைத் தேடித் திமிங்கிலங்கள் வருகின்றன. இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியிலும் படகேறித்தான் யானையையும் காட்டெருமையையும் மிளாவையும் பார்க்கிறோம். ஆனால் இந்த நீர்ப்பரப்பு மனிதர் உண்டாக்கியது. தேக்கடியின் கதையை 1934இல் திருவிதாங்கூர் அரசு அறிவித்த நெல்லிக்காம்பட்டி சரணாலயத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அது பாதிக் கதை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வறண்டு கிடந்த மதுரைச் சீமையிலிருந்து தொடங்கினால்தான் முழுக் கதையும் பிடிபடும்.

அந்தச் சீமைக்குப் பெரியாற்று நீரைத் திருப்புவதற்காக, 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் ஓர் ஒப்பந்தம் செய்தன: 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். பொறியாளர் பென்னிகுயிக் பெரியாற்றின் குறுக்கே கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே போன பெரியாறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் பக்கம் திரும்பியது. சுமார் 26 சதுர கிலோமீட்டர் நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கை மூடியது. மூழ்கிய மரங்களின் கருத்த அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் மேல் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்துகின்றன. கோடையில் நீர் வடிய வடிய, வெளிப்படும் கரையில் இளம்புல் முளைக்கிறது. யானைக்கூட்டம் காட்டை விட்டு வெட்டவெளிக்கு வருவது அந்தப் புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும்தான். படகிலிருந்து நாம் காணும் காட்சியே அணையின் விளைவு. அணை திறந்த நான்காம் ஆண்டில், 1899இல், ஏரியின் நீர்ப்பிடிப்பைக் காக்க அதைச் சுற்றிய காடு காப்புக்காடானது. சரணாலய அறிவிப்புக்கு 35 ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

அணை இல்லாவிட்டாலும் காடு பிழைத்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். சுற்றுப்புறம் அப்படிக் காட்டவில்லை. 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கைக்கு வந்த கண்ணன் தேவன் மலை பின்னாளில் தேயிலைத் தோட்டமானது. பீர்மேட்டுச் சரிவுகளிலும் தேயிலை ஏறியது. பாலக்காட்டுப் பறம்பிக்குளத்தில் 1907 முதல் டிராம் பாதை போட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கினார்கள். தேக்கடியின் நீர்ப்பிடிப்புக் காட்டை மட்டும் யாரும் வெட்டித் தோட்டமாக்கவில்லை என்றால், தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு மறுப்பு கனமானது: பள்ளத்தாக்கை மூழ்கடித்த அணைக்குக் காட்டைக் காத்த பெருமையா? ஆற்றோரக் காடு அழிந்தது உண்மை. அதைவிட வலிப்பது, அந்தக் காட்டில் வாழ்ந்த மன்னான், பளியர் பழங்குடி மக்கள் வெளியே குடியேற்றப்பட்டது. காப்பின் பலன் வயலுக்கும் விலங்குக்கும் போனது. விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள். வெறும் அறிவிப்பால் காடு பத்திரமாகிவிடவும் இல்லை. 1978இல் புலிகள் காப்பகமான பிறகும் தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டன, வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) திருட்டுத்தனமாக உரிக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் வனத்துறை பட்டை உரித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சேர்த்துக்கொண்டது. மன்னான் குடும்பங்கள் இன்றும் அந்த ஏரியில் மீன் பிடிக்கின்றன. ஆகவே படகுத்துறையில் பயணிகளுக்குச் சொல்லும் வரலாற்றில் அரசருக்கும் பொறியாளருக்கும் பக்கத்தில் இவர்கள் பெயரும் வந்தாக வேண்டும்.