படம் கெடாமல் கோப்பைச் சுருக்கிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையின் செய்முறைக் கையேட்டைப் பி.டி.எப். கோப்பாக்கி அச்சுக்கு அனுப்பினேன். கோப்பு மிகப் பெரிது, சுருக்கி அனுப்புக என்று பதில் வந்தது. கைக்குக் கிடைத்த ஒரு நிரலைக் கொண்டு சுருக்கினேன். அச்சாகி வந்தபோது நிறமாலைமானியின் வெர்னியர் அளவுகோல் வெறும் சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டிருந்தது. "சார், இதில் பிரிவுகளை எப்படி எண்ணுவது?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். கோடுகளால் ஆன படத்தை அந்த நிரல் புள்ளிகளாக மாற்றிவிட்டது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் காண்போம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்பினால் 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் தேவை. வண்ணப் படமானால் புள்ளிக்கு 3 பைட். மொத்தம் 2.6 கோடி பைட். ஆனால் அதே தாளில் ஒரு நேர்கோட்டை "இங்கே தொடங்கு, அங்கே முடி" என்று நான்கு எண்களால் சொல்லிவிடலாம். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது கோடாகவே இருக்கும். இவ்வகைப் படத்தை வெக்டர் படம் என்பர். (வகுப்பில் நாம் நடத்தும் திசையனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், உறவு உண்டு, ஆனால் தூரத்து உறவு.)

நேர்கோடு சரி, வளைகோட்டுக்கு என்ன செய்வது? விடை பிரான்சின் மோட்டார்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. கார் உடலின் வளைவுகளை எண்களால் குறிக்கும் முறையை 1959இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ கண்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்தது. 1960களில் ரெனோ நிறுவனத்தின் பியர் பெஜியே அதே வளைகோட்டைத் தாமே கண்டு வெளியிட்டார். பெயர் பெஜியேக்குப் போயிற்று! நான்கு புள்ளிகள், எட்டு எண்கள். ஒரு வளைவு முடிந்தது. இத்தகைய நான்கு வளைவுகளைச் சேர்த்தால் வட்டம் கிடைக்கும். ஆரத்தில் பிழை 0.03 விழுக்காட்டுக்கும் குறைவு.

இதை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து விலகி 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அளித்தனர். ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரல். முதலிலிருந்து இயக்கினால்தான் பக்கம் தெரியும். எந்தக் கணிப்பொறியிலும் எந்தப் பக்கத்தையும் உடனே திறக்க வேண்டும் என்று 1991இல் வார்னாக் ஒரு திட்டம் எழுதினார். அதிலிருந்து 1993இல் பிறந்ததே பி.டி.எப்.

கோப்பைச் சுருக்கும் வழியும் அதில் தொடக்கத்திலேயே இருந்தது. பாட்டுப் புத்தகத்தில் பல்லவியை முதல் முறை முழுதாக அச்சிட்டு, அடுத்த முறை முதற்சொல்லை மட்டும் போடுகிறார்கள் அல்லவா? பாடுபவர் ஓர் எழுத்தையும் இழப்பதில்லை. 1977, 1978ஆம் ஆண்டுகளில் லெம்பல், ஜிவ் என்ற இஸ்ரேலிய அறிஞர்கள் காட்டிய முறைகள் இவ்வகையே. இரண்டாவதை வெல்ச் 1984இல் செம்மைப்படுத்தினார். பி.டி.எப். முதலில் இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் இதன் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 இறுதியில் 'கிப்' படங்களைக் கையாளும் நிரல்களுக்கு உரிமத் தொகை கேட்கப்பட்டபோது பெரும் கூச்சல் எழுந்தது.

மாற்று வழி ஆயத்தமாக இருந்தது. 1977ஆம் ஆண்டு முறையோடு ஹஃப்மன் குறியீட்டை இணைத்து பில் காட்ஸ் என்பவர் ஒரு முறையை அமைத்திருந்தார். அடிக்கடி வரும் குறிக்குச் சிறு குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்பது ஹஃப்மன் கருத்து. ஆண்டுத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று ஆசிரியர் சலுகை தந்ததால் மாணவர் ஹஃப்மன் கண்டது அது! 1996இல் பி.டி.எப். இக்கூட்டு முறையை ஏற்றது. 2003இல் வந்த பதிப்பு, அதுவரை சுருக்கப்படாமல் கிடந்த கோப்பின் எலும்புக்கூட்டையும் சுருக்க வழி செய்தது. இவை எதிலும் ஒரு கோடும் கெடுவதில்லை.

இன்னொரு வழி நம் பாடத்திலேயே இருக்கிறது: முக்கிய எண்ணுருக்கள். பி.டி.எப்.பின் அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, அதாவது 0.35 மி.மீ. வரைபட நிரல்கள் பல, 123.456789 என்று ஆறு தசம இடங்கள் வரை எழுதித் தள்ளுகின்றன. இரண்டாம் இடத்தின் மதிப்பே 0.0035 மி.மீ.; தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி நான்கு இலக்கங்கள் வெறும் சுமை. தசமத்தை இப்படி அள்ளி வீசும் மாணவருக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம். கணிப்பொறியை ஏனோ விட்டுவிடுகிறோம்.

வெக்டர் எப்போதுமே சிறிது என்று எண்ணிவிடவும் கூடாது. பத்து இலட்சம் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் புள்ளிபுள்ளியாகக் குறித்தால் கோப்பு வீங்கும். அங்கே புள்ளிப் படமே மேல், அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக விழும் புள்ளிகளை வரையும் முன்பே குறைத்துவிட வேண்டும்.

என் கையேட்டில் பாரமாக இருந்தவை கோட்டுப் படங்களே அல்ல, கருவிகளின் ஒளிப்படங்கள்தாம். அவற்றை மட்டும் 300 புள்ளிக்கு இறக்கி, தசமங்களை வெட்டி, 2003ஆம் ஆண்டு முறையில் சேமித்தேன். அடுத்த பதிப்பில் வெர்னியரின் 30 பிரிவுகளையும் எண்ண முடிந்தது.