நடு ஏரியில் ஒரு ரோமிங்

வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் செல்போன் பில்லைப் பார்த்து அதிர்ந்த கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அந்த அதிர்ச்சி வெளிநாடு போகாமலேயே கிடைத்தது!

அவர் பழவேற்காடு ஏரியில் பசியாவரத்து மீனவர். 2008 வாக்கில் முதல் செல்போன் வாங்கினார். 50 ரூபாய் பேலன்ஸோடு ராத்திரி வலை போடப் போனார். வீட்டிலிருந்து போன் வர, கால் மணி நேரம் பேசினார். அவராக யாரையும் கூப்பிடவில்லை. விடிந்து பார்த்தால் பாதிப் பணத்தைக் காணோம். ரீசார்ஜ் கடையில் சண்டைக்குப் போனால், "நீங்க ஆந்திராவுல இருந்து பேசியிருக்கீங்கண்ணே" என்றாராம் கடைக்காரர்.

அது எப்படி? இங்கேதான் கொஞ்சம் வரலாறு.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிற்று. தண்ணீரில் எல்லைக்கல் நட முடியுமா? யார், எந்த நாள், எங்கே வலை போடலாம் என்பதற்கு மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை உண்டு. சர்க்கார் கோடு வேறு, பாட்டின் கோடு வேறு.

செல்போன் வந்ததும் மூன்றாவதாக ஒரு கோடு சேர்ந்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம், ஆந்திரா இன்னொன்று. சென்னை வட்டத்தின் உரிமத்தில் மீஞ்சூர் தொலைபேசி நிலையத்தின் பெயர்கூட இருந்தது. மீஞ்சூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போவதற்குள் அப்போது மூன்று வட்டங்கள்!

ஆனால் போனுக்கு எல்லை தெரியாது. அது டவரைத்தான் தேடும். சொந்த வட்டத்தின் சிக்னல் விட்டுப்போனால் அடுத்த வட்டத்தின் டவரைப் பிடித்துக்கொள்ளும். உங்களைக் கூப்பிடுபவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. அவர் வழக்கமான கட்டணத்தைத்தான் கட்டுவார். உங்கள் வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு அந்த அழைப்பைக் கொண்டுபோகும் செலவு உங்கள் தலையில் விழும். 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின என்றாலும், ரோமிங்கில் அந்தச் சலுகை இல்லை.

2007 பிப்ரவரியில் டிராய் ரோமிங்குக்கு உச்சவரம்பு வைத்தது. வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1.75 ரூபாய். பெரியப்பாவின் கால் மணி நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்! இது 2013-ல் 75 பைசாவாகவும், 2015 மே மாதம் 45 பைசாவாகவும் இறங்கியது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் உள்நாட்டு ரோமிங் கட்டணம் மெல்ல மறைந்தே போனது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2007-ல் உச்சவரம்பு வைத்தார்கள். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணமே இல்லை. ஆனால் நம் நாட்டை விட்டு வெளியே போகும்போது அந்தப் பழைய கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. தனுஷ்கோடிக் கரையில் நின்றாலே சில போன்கள் இலங்கை சிக்னலைப் பிடிக்கின்றன. இப்போது பேச்சைவிட டேட்டாதான் ஆபத்து. நாம் தூங்கும்போதும் போன் தானாக எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும். விமானம் ஏறும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அல்லது அந்த நாட்டுக்கான பேக் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். அன்றிலிருந்து ஏரிக்குப் போனால் போனை அணைத்துவிடுவார். ஒரு மழை ராத்திரியில் பெரியம்மா எத்தனை முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. விடியும்வரை கரையிலேயே நின்றாராம். ஆபத்துக்கு உதவும் என்று வாங்கிய போன், 25 ரூபாய் பயத்தில் ஊமையாகக் கிடந்தது.

இப்போது பெரியப்பா ஏரியில் எங்கே இருந்தாலும் போனை எடுக்கிறார். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "ஆந்திராவுலயோ தமிழ்நாட்டுலயோ, தண்ணியில இருக்கேன்" என்கிறார்.