பதினெட்டு வயதில் ஒரு வீரரை அளக்க முடியுமா? கனடிய ஹொக்கி ரசிகர்களின் முடியாத விவாதம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நெருங்கும்போது கனடாவின் ஐஸ் ஹொக்கி ரசிகர்களிடையே ஒரு விவாதம் சூடுபிடிக்கும். அப்போது பெரும்பாலான அணிகளுக்குப் பருவகாலம் முடிந்திருக்கும். பேச்செல்லாம் அடுத்த ஆண்டைப் பற்றியதாகவே இருக்கும். இன்னமும் எந்த அணியிலும் சேராத, ரசிகர்களில் பலர் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத பதினெட்டு வயது இளைஞர்களில் யாரைத் தங்கள் அணி எடுக்க வேண்டும் என்பதே கேள்வி.

ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் உறவுகள் உள்ள எங்கள் வாசகர்கள் பலர், அங்கே வளர்ந்த பிள்ளைகளின் வாயிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டிருக்கக்கூடும். அந்த விவாதம் எதைப் பற்றியது, அது ஏன் இவ்வளவு உணர்ச்சிகரமாக இருக்கிறது, அதில் எந்தப் பக்கம் சரியானது என்பது எப்போது தெரியவரும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வீரர் தெரிவு எப்படி நடக்கிறது?

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் தற்போது 32 அணிகள் உள்ளன. அவற்றில் 7 கனடாவிலும் ஏனையவை அமெரிக்காவிலும் இருக்கின்றன. இந்த அணிகள் புதிய இளம் வீரர்களைத் தாங்கள் விரும்பியபடி போட்டிபோட்டு வாங்க முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் 'ட்ராஃப்ட்' எனப்படும் வீரர் தெரிவில், ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு பெயரை அழைக்க வேண்டும். ஏழு சுற்றுகளில் 224 பேர் வரை தெரிவாகின்றனர். ஓர் அணி ஒருவரை அழைத்துவிட்டால், அவர் இந்த லீக்கில் விளையாடுவதற்குக் குறிப்பிட்ட காலம்வரை அந்த அணியுடன் மட்டுமே ஒப்பந்தம் செய்யலாம். எந்த நகரத்துக்குப் போக விருப்பம் என்று அந்த இளைஞரிடம் யாரும் கேட்பதில்லை.

முதலாவது தெரிவு 1963 ஆம் ஆண்டு மொன்றியலில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அப்போது லீக்கில் ஆறு அணிகளே இருந்தன. மொத்தம் 21 பேர் மட்டுமே தெரிவாகினர். அதற்கு முன்னர் பெரிய அணிகள் இளையோர் கழகங்களுக்குப் பணம் கொடுத்து, அங்குள்ள சிறுவர்களைச் சிறுவயதிலேயே தம்முடன் கட்டிவைத்திருந்தன. வசதியுள்ள அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் வைத்திருக்கும் அந்த நிலையை மாற்றவே இந்த முறை வந்தது. ஆகவே, மோசமாகத் தோற்ற அணிக்கு முன்னுரிமை என்பதே இதன் அடிப்படை.

ஆனால் தோற்றால் பரிசு கிடைக்கும் என்றால், வேண்டுமென்றே தோற்கும் ஆசையும் வரும். 1993 இல் முதலிடத் தெரிவுக்காக ஒட்டாவா அணி வேண்டுமென்றே தோற்றது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பின்னர் 1995 முதல் லொத்தர் முறை நடைமுறைக்கு வந்தது. இப்போது கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம் மாத்திரமே. 2025 இல் 3.5 சதவீத வாய்ப்பே இருந்த நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி லொத்தரில் வென்று, முதலாவது வீரரைத் தெரிவு செய்தது.

ரசிகர்கள் எதை வைத்து வாதிடுகிறார்கள்?

விவாதத்தில் முதலில் வருவது தேவை பற்றிய கேள்வி. அணியில் நடுக்கள வீரர் இல்லை என்றால் நடுக்கள வீரரைத்தான் எடுக்க வேண்டும் என்பார் ஒருவர். இருப்பவர்களில் மிகத் திறமையானவரை எடுங்கள், குறையைப் பிறகு நிரப்பலாம் என்பார் மற்றவர். பதினெட்டு வயதில் எடுக்கப்படும் பெரும்பாலானவர்கள் அணிக்குள் வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அணியின் தேவை மாறிவிடும். ஆகவே இரண்டாவது தரப்பின் வாதத்துக்கே பொதுவாக வலு அதிகம்.

அடுத்தது எண்கள். ஒருவர் எத்தனை கோல் அடித்தார், எத்தனை கோலுக்கு உதவினார் என்பதைக் கூட்டியே புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. ஆனால் ஒன்ராறியோவில் சம வயதினருடன் விளையாடி எடுத்த புள்ளியையும், பின்லாந்தில் முப்பது வயது மனிதர்களுடன் மோதி எடுத்த புள்ளியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மூன்றாவது பிறந்த திகதி. செப்டெம்பர் 15 ஆம் திகதிக்குள் 18 வயது நிறைந்தவர்களே அந்த ஆண்டுக்குத் தகுதி பெறுவர். 2016 இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி முதலிடத்தில் தெரிவு செய்த ஒஸ்டன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டு நாள் தாமதத்தால் அவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே தெரிவில் நிற்கும் இருவரிடையே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். வளரும் வயதில் அந்த ஓராண்டு உடல் வலிமையிலும் அனுபவத்திலும் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

1980: ஊர்ப் பிள்ளையை விட்டுவிட்ட மொன்றியல்

இந்த விவாதங்களில் இன்றும் பேசப்படுவது 1980 ஆம் ஆண்டுத் தெரிவு. மொன்றியல் கனேடியன்ஸ் அணி 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு தடவைகள் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. முன்னர் செய்த ஒரு பரிமாற்றத்தின் பயனாக, முதலாவது தெரிவுக்கான உரிமையும் அதனிடமே இருந்தது. அந்தத் தெரிவு மொன்றியலின் ஃபோரம் அரங்கிலேயே நடைபெற்றது.

ரசிகர்கள் கேட்டது டெனிஸ் சவார்டை. அவர் மொன்றியலில் வளர்ந்தவர். அந்நகரின் இளையோர் அணிக்கு ஆடி அந்தப் பருவகாலத்தில் 181 புள்ளிகள் எடுத்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரெஞ்சு பேசுபவர். ஆங்கிலம் ஆதிக்கம் செலுத்தும் ஒரு நாட்டில், தமது மொழி பேசும் பிள்ளை தமது ஊர் அணியில் ஆடுவதைக் காண விரும்பிய மக்களின் உணர்வை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அணி நிர்வாகம் தெரிவு செய்ததோ மேற்குக் கனடாவின் ரெஜைனா அணிக்கு 89 கோல்களும் 170 புள்ளிகளும் எடுத்திருந்த டக் விக்கன்ஹைசரை. அவர் உயரமும் உடல்வாகும் கொண்ட நடுக்கள வீரர். அன்றைய நிலையில் அது முட்டாள்தனமான முடிவு இல்லை. சவார்ட் மூன்றாவதாகச் சிக்காகோ அணிக்குச் சென்றார்.

முதல் பருவகாலத்தில் சவார்ட் 75 புள்ளிகள் எடுத்தார். விக்கன்ஹைசர் 41 ஆட்டங்களில் 15 புள்ளிகள் மட்டுமே எடுத்தார். அதன் பின்னர் அவர் என்ன செய்தாலும் அது சவார்டுடன் ஒப்பிட்டே பார்க்கப்பட்டது. 1983 இல் அவர் சென் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 556 ஆட்டங்கள் ஆடி 111 கோல்கள் அடித்தார். வேறு யாருக்கும் அது கௌரவமான விளையாட்டு வாழ்க்கை. 1999 இல், 37 வயதில் புற்றுநோயால் இறந்தார். சவார்ட் 2000 ஆம் ஆண்டு ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

ரசிகர்களின் கணிப்பு அன்று சரியாக இருந்தது. ஆனால் பிழைக்கான விலையைக் கொடுத்தவர் அந்த முடிவை எடுக்காத இளைஞர்.

2022: மீண்டும் அதே நகரம்

42 ஆண்டுகளுக்குப் பின்னர், கடைசி இடத்தில் முடித்த மொன்றியலுக்கு லொத்தரிலும் முதலிடம் கிடைத்தது. 2022 ஜூலை 7 அன்று தெரிவு நடந்ததும் மொன்றியலில்தான்.

இம்முறை ரசிகர்களில் பெரும்பாலானோர் கேட்ட பெயர் ஷேன் ரைட். பதினைந்து வயதிலேயே விசேட அனுமதி பெற்று ஒன்ராறியோ இளையோர் லீக்கில் நுழைந்தவர். கிங்ஸ்டன் அணிக்கு 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் எடுத்திருந்தார். மொன்றியலுக்குத் தேவைப்பட்ட நடுக்கள வீரரும் அவரே. ஆனால் தொற்றுநோய் காரணமாக அதற்கு முந்தைய பருவகாலம் அந்த லீக்கில் முற்றாக இரத்தாகியிருந்தது. வளர வேண்டிய வயதில் ஓராண்டு ஆட்டத்தை அவர் இழந்திருந்தார்.

நிர்வாகம் அழைத்த பெயர் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த, ஆறடி மூன்று அங்குலத்துக்கும் குறையாத கரைக்கள வீரர். பின்லாந்தின் முதியோர் லீக்கில் 31 ஆட்டங்களில் 10 புள்ளிகள் மாத்திரமே எடுத்தவர். ஆனால் பீஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 கோல்கள் அடித்து, தொடரின் சிறந்த வீரராகத் தெரிவாகி, தனது நாட்டுக்கு வெண்கலம் பெற்றுக்கொடுத்தவர். ரைட் நான்காவதாகவே சியாட்டில் அணிக்குச் சென்றார். மேடையில் நின்ற அவர் மொன்றியல் அதிகாரிகளின் மேசையை முறைத்துப் பார்த்தாரா இல்லையா என்று பல நாட்கள் பேசினார்கள்.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் முதல் ஆண்டு 39 ஆட்டங்கள், 4 கோல்கள், பின்னர் முழங்கால் காயம். '1980 திரும்பிவிட்டது' என்று பேசியவர்கள் உண்டு. அணி அவரை மாற்றவில்லை. அடுத்த ஆண்டு அவர் 82 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல்களும் 50 புள்ளிகளும் எடுத்தார். 2024 கோடையில் எட்டு ஆண்டுகளுக்கு 60.8 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கிடைத்தது. ரைட் கீழ்நிலை லீக்கில் பொறுமையாக வளர்ந்து, 2024-25 இல் 44 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டு, மூன்றாவதாகத் தெரிவான லோகன் கூலி 65 புள்ளிகளுடன் இருவரையும் முந்தினார். 2022 இல் ரைட்டா ஸ்லாஃப்கோவ்ஸ்கியா என்று சண்டையிட்டவர்களில் பலர் கூலியின் பெயரைச் சொல்லவே இல்லை.

கடைசிச் சுற்றுகள் சொல்வது

தொழில்முறைக் கண்காணிப்பாளர்களும் தவறுகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. சவார்டின் அதே 1980 தெரிவில் 69 ஆவதாக அழைக்கப்பட்ட பின்லாந்தின் யாரி குர்ரி 600க்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். டெட்ரொய்ட் அணி 1998 இல் 171 ஆவதாக எடுத்த பவெல் டாட்சியுக்கும், 1999 இல் 210 ஆவதாக எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்க்கும் அந்த அணியின் தூண்களாகினர். மறுபுறம், 1993 இல் ஒட்டாவா முதலிடத்தில் எடுத்த அலெக்ஸாண்டர் டேகல் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. இரண்டாவதாகத் தெரிவான கிறிஸ் புரொங்கர் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்.

டெட்ரொய்ட் எடுத்த அந்த இருவரும் உடனே அணிக்குள் தள்ளப்படவில்லை. தெரிவான பின்னரும் சில ஆண்டுகள் ரஷ்யாவிலும் சுவீடனிலும் விளையாடி முதிர்ந்த பிறகே வந்தார்கள். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாததால் அவர்களுக்குக் காலம் கிடைத்தது. முதலிடத்தில் அழைக்கப்படும் பிள்ளைக்குத்தான் அந்தக் காலம் அரிதாகவே கிடைக்கிறது.

ஆகவே கனடாவில் இருக்கும் மருமகனோ பேரப்பிள்ளையோ அடுத்த ஜூனில் தொலைபேசியில் இந்த விவாதத்தைத் தொடங்கினால், யாரை எடுக்க வேண்டும் என்பதோடு இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள். எடுத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு எத்தனை ஆண்டு பொறுப்பீர்கள்? 2022 இல் முதல் நான்கு இடங்களில் அழைக்கப்பட்டவர்களின் கணக்கே இன்னும் முடியவில்லை.