ஸ்கிப் தொட்டிகளும் சாலை ஒளிக்குறிச் சட்டங்களும் (பிரிட்டன்)

ஸ்கிப் என்பது சாலையோரம் இறக்கிவைக்கப்படும், மேலே திறந்த கனத்த இரும்புத் தொட்டி. இடித்த செங்கல், மண், பழைய மரச்சாமான், வீட்டுக் குப்பை போன்றவற்றை அதில் கொட்டலாம். மணல், செங்கல் போன்ற கட்டுமானப் பொருள்களையும் போட்டுவைக்கலாம். இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். லாரியின் பின்புறமுள்ள இரு இரும்புக் கைகள் சங்கிலி மாட்டி அதைத் தூக்கும், இறக்கும். பிரிட்டனில் வீடு புதுப்பிக்கும் எவருக்கும் பழக்கமான பொருள் இது. அங்குள்ள சட்டம் இதை ‘பில்டர்ஸ் ஸ்கிப்’ என்று தனியாகப் பெயரிட்டு, இரவில் இது வண்டியோட்டிகளின் கண்ணில் படுவதற்கான கடமைகளை 1971 முதல் வகுத்துவந்திருக்கிறது.

தொட்டி ஆபத்தாவதற்குக் காரணம் அது நிற்கும் இடம். வரிசையாக நிறுத்திய கார்களுக்கு நடுவே, நடைபாதையை ஒட்டி, வண்டிகள் ஓடும் தளத்திலேயே அது நிற்கும். விளக்கை அணைத்து நிறுத்திய காருக்குக்கூடப் பின்னால் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் உண்டு. வரும் வண்டியின் வெளிச்சம் பட்டதும் அவை பளிச்சிடும். சேறும் துருவும் படிந்த ஸ்கிப்புக்கு இயல்பாக அப்படி எதுவும் இல்லை. பிரிட்டனின் தெருக்களில் நெடுங்காலம் எரிந்த சோடியம் விளக்குகளின் ஒற்றை மஞ்சளில் நிறங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து தெரிவதில்லை. ஆகவே வண்ணம் பூசியும் இரவில் பெரிய பயனில்லை. மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் தேவை என்று அந்நாட்டுச் சாலை விதிக் கையேடு சொல்கிறது. அந்தத் தொலைவுக்குள் வந்த பிறகு தொட்டியைக் கண்டுபிடிப்பவருக்கு பிரேக் உதவாது. நிறுத்திய கார்மீது மோதினால் அது நசுங்கிக் கொடுக்கும். மண் நிறைந்த ஸ்கிப் கொடுக்காது. மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ வருபவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

சாலையில் பொருளை வைத்தவன்தான் அதைக் காட்டவும் வேண்டும் என்ற எண்ணம் ஸ்கிப்பைவிட மிகப் பழையது. இங்கிலாந்தின் 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், சாலையில் கற்குவியலைத் தக்க முன்னெச்சரிக்கை இல்லாமல் இரவில் விட்டுவைக்கும் சாலைக் கண்காணிப்பாளருக்கு 5 பவுண்டு வரை தண்டம் விதித்தது. தண்டனைக்கு உரியவர் வழிப்போக்கரோ வணிகரோ அல்ல, சாலையைப் பராமரிக்கும் அதிகாரியே என்பது கவனிக்கத்தக்கது. 1847இல் வந்த நகர மேம்பாட்டு விதிகள் சட்டம் இதைத் தனியாருக்கும் விரித்தது: தெருவில் கட்டுமானப் பொருளையோ குப்பையையோ போடுபவர், குழி தோண்டுபவர், அனுமதி பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை தம் செலவில் போதிய விளக்கு வைக்க வேண்டும்.

ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதுகாப்பு என்றால் விளக்குதான்; விளக்கு என்றால் அதைக் கவனிக்கும் ஆள். மாலையில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட ஒருவர், காற்றில் அணைந்தால் மறுபடி ஏற்ற ஒரு காவல்காரர். பெரிய சாலைப் பணிகளுக்கு அது கட்டுப்படியானது. ஒரு வீட்டுச் சமையலறையை இடித்த குப்பைக்கு இரவுக் காவல்காரர் வைப்பார் யார்?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது தொட்டியின் வருகை. நிரம்பிய தொட்டியை அப்படியே லாரியில் ஏற்றும் முறைக்கு அமெரிக்காவில் முன்னோடி, டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர். 1930களில் அவர் உருவாக்கிய அமைப்பிலிருந்தே ‘டம்ப்ஸ்டர்’ என்ற சொல் பிறந்தது. பின்னர் அவர் அந்த நகரின் மேயராகவும் இருந்தார். பிரிட்டனில் வாடகை ஸ்கிப் பெருகியதும் ஒரு புதிய நிலைமை உண்டானது. தொட்டி ஒருவருடையது, அதை வரவழைத்தவர் இன்னொருவர், அனுமதி தருவது உள்ளாட்சி. லாரி தொட்டியை இறக்கிவிட்டுப் போய்விடும். இருட்டிய பிறகு அதற்குப் பொறுப்பாளி யார் என்று பழைய சட்டங்களிடம் தெளிவான விடை இல்லை.

விடையை 1971ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31, 32ஆம் பிரிவுகள் தந்தன. சிதறிக்கிடந்த நெடுஞ்சாலைச் சட்டங்களை 1980இல் ஒன்றாகத் தொகுத்தபோது அவை 139, 140ஆம் பிரிவுகளாயின. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பவை இவையே. ஸ்காட்லாந்துக்கு 1984ஆம் ஆண்டு சாலைகள் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள்.

139ஆம் பிரிவின்படி நெடுஞ்சாலை ஆணையத்தின் எழுத்துமூல அனுமதி இன்றித் தொட்டியைச் சாலையில் வைக்கக் கூடாது. எங்கே வைப்பது, எவ்வளவு பெரியது, எப்படி விளக்கிடுவது அல்லது காப்பது, எப்போது அகற்றுவது என்று ஆணையம் நிபந்தனை போடலாம். எதிரே வரும் வண்டிகளுக்கு உடனே தெரியும்படி எந்த வண்ணம், எந்தப் பொருள் பூச வேண்டும் என்பதும் அதில் அடங்கும். தொட்டியின் சொந்தக்காரருக்கு நேரடிக் கடமைகளும் உண்டு: இருட்டு நேரத்தில் முறையாக விளக்கிட வேண்டும், தம் பெயரையும் தொலைபேசி எண் அல்லது முகவரியையும் அழியாதபடி எழுத வேண்டும், நிரம்பியதும் இயன்ற விரைவில் எடுத்துப்போக வேண்டும். தவறினால் அபராதம், இன்றைய நிலையில் 1,000 பவுண்டு வரை.

பெயர் எழுதச் சொல்லும் விதி சிறியதாகத் தெரியலாம். நள்ளிரவில் விளக்கணைந்த தொட்டியைப் பார்க்கும் காவலர் யாரை எழுப்புவது என்பதை அந்த ஓர் எண்தான் தீர்மானிக்கிறது. சீருடையிலுள்ள காவலரோ ஆணையமோ தொட்டியை நகர்த்தவோ அகற்றவோ கட்டளையிட 140ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அனுமதியோடு வைக்கப்பட்டதானாலும் சரி. 139இன் ஓர் உட்பிரிவும் அதே மனத்தோடு எழுதப்பட்டது: இந்த அனுமதி எதுவும் சாலையில் செல்வோருக்கு ஆபத்து விளைவிக்கத் தரப்பட்ட உரிமை ஆகாது. அனுமதிச்சீட்டைக் கேடயமாகப் பிடிக்க முடியாதபடி செய்த இந்த வரியே இப்பிரிவின் உயிர் என்பேன்.

தவறு வேறொருவரால் நேர்ந்தது, தாம் இயன்ற முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தோம் என்று நிறுவினால் சொந்தக்காரர் தப்பலாம். அந்த வேறொருவர் மீது வழக்குத் தொடரலாம். விளக்கு வைக்க ஒப்புக்கொண்டு மறந்த வாடிக்கையாளரும் இவ்வாறு சட்டத்தின் கைக்குள் வருகிறார். மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவரைச் சட்டம் சொந்தக்காரராகவே கருதுகிறது.

ஆனால் விளக்கு அணையும், திருடுபோகும், பேட்டரி தீரும். வண்ணமோ ஒவ்வோர் ஆணையத்தின் விருப்பப்படி. பல ஊர்களுக்குப் போகும் ஒரே தொட்டிக்கு இது பொருந்தாது. எனவே நாடு முழுவதற்கும் பொதுவான குறிகளை 1984ஆம் ஆண்டு பில்டர்ஸ் ஸ்கிப் குறியீட்டு விதிகள் கட்டாயமாக்கின. வண்டிகளை நோக்கும் இரு முனைகளிலும், ஓரங்களை ஒட்டி, ஒரே அளவிலான இரண்டு பலகைகள். சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி வரும் சாய்ந்த பட்டைகள். கனரக லாரிகளின் பின்புறப் பலகைகளுக்காக 1970இல் வெளியான பி.எஸ். ஏ.யு. 152 என்ற பிரிட்டிஷ் தரமே இவற்றுக்கும் அளவுகோல். லாரியின் முதுகைப் பார்த்துப் பழகிய கண், நிற்கும் தொட்டியையும் அதே எச்சரிக்கையாக வாசிக்கும்.

இரண்டு நிறங்களுக்கும் வெவ்வேறு வேலை. சிவப்பு, ஒளிர்வண்ணம்: கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கிச் சிவப்பொளியாக வெளியிடும், பகலிலும், குறிப்பாக மங்கும் மாலையிலும், சுற்றுப்புறத்தைவிடத் தூக்கலாகத் தெரியும். இருட்டில் அது ஓய்ந்துவிடும். அப்போது மஞ்சள் வேலை செய்யும். நுண்ணிய கண்ணாடி மணிகள் போன்றவற்றால் ஆன அந்தப் பரப்பு, வாங்கிய வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும்; ஆகவே ஹெட்லைட்டின் ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹாலிஃபாக்ஸ் நகரின் பெர்சி ஷா 1934இல் காப்புரிமை பெற்ற ‘பூனைக் கண்’ சாலைக் குமிழின் தத்துவமும் இதுவே.

இந்தப் பலகைக்கு ஆள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வேண்டியது துடைப்பு. கான்கிரீட் தூசி படிந்த பலகை வெறும் பலகைதான். குறிகள் தூய்மையாகவும் தெளிவாகத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்று விதி வற்புறுத்துவது அதனால்தான். தவிர, வண்டியில் விளக்கில்லாமல் வருபவருக்கும் நடந்து செல்பவருக்கும் மஞ்சள் எதையும் திருப்பித் தராது. ஆகவே பலகை வந்த பின்பும் விளக்குக் கடமை நீங்கவில்லை. உள்ளாட்சிகள் பலவும் மூலைகளில் விளக்கும், வண்டி வரும் பக்கம் சாய்வரிசையில் கூம்புகளும் கேட்கின்றன.

லண்டனுக்கான 2013ஆம் ஆண்டு உள்ளாட்சி, போக்குவரத்துச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. விளக்கோ தடுப்போ தொட்டியின் உடலிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க அது நகர ஆணையங்களுக்கு வழி செய்தது.