வேடரின் வில்

வில்லைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகள் பெரும்பாலும் தனி வீரரின் கதைகளே. கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை முதலாக உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை வீழ்த்தினான் என்று புறநானூறு புகழ்கிறது. கேட்க இனிக்கும் இக்கதையில் ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. குறி தப்பாமை பிறப்பிலே வாய்க்கும் வரமன்று; அது உழைப்பின் பயன். இதனை அறிய நாம் கொல்லிமலைக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் இலங்கையின் வேடர் வரலாறே போதும்.

வேடரின் வில் ஆளுயரம் உள்ள எளிய மரவில். அம்பின் இரும்பு முனையோ அகன்று நீண்டது. அவ்விரும்பை அவர்கள் தாமே உருக்கவில்லை. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதனை விளக்குகிறார். வேடர் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வடிவில் முனை செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். உலகிலிருந்து ஒதுங்கிய காட்டுமிராண்டிகள் என்று எழுதப்பட்ட மக்கள், கொல்லனின் உழைப்போடு தம் உழைப்பை மாற்றி வாழ்ந்தவர்கள் என்பது இதனால் தெளிவாகும்.

இனி, குறி எவ்வாறு அமைந்தது? நாணை விட்டுப் புறப்பட்ட அம்பு நேர்கோட்டில் செல்வதில்லை. தூரம் கூடக் கூடத் தாழ்கிறது. நாணின் ஓசை கேட்ட விலங்கோ துள்ளிவிடுகிறது. ஆகவே தொலைவில் நின்று எய்வது வேட்டைக்கு உதவாது. காற்றுக்கு எதிர்முகமாக, சருகு நொறுங்காமல், விலங்கு தலை தாழ்த்தும்போது நகர்ந்து, தலை நிமிரும்போது கல்லாய் நின்று, அண்மையை அடைய வேண்டும். அதன் பின்னரே ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நாணை இழுக்கும் தோளும், பதறாத மூச்சும் பயன் தரும். கையின் பயிற்சி சில மாதங்களில் கூடலாம். காட்டைப் படிக்கும் பயிற்சிக்கு ஓர் இளமைப் பருவமே வேண்டும்.

மனத்தை ஒருமுகப்படுத்தும் முறையும் அச்சமுதாயத்தில் இருந்தது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வுநூலில், வேட்டை வாய்க்க வேண்டிக் கண்டே யக்காவை அழைத்து ஆடும் கிரிகொரஹ ஆட்டம் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அதில் அம்புக்கு முதன்மையான இடமுண்டு. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது. நாளைய வேட்டையை நினைத்துக் குழுவனைத்தும் ஒரே நோக்கில் திரள்வது அங்கே நிகழ்கிறது.

இத்தகைய பயிற்சிக்களம் சிறிது சிறிதாகப் பறிபோயிற்று. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் வேட்டை நிலங்கள் நீரில் மூழ்கின. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, காட்டில் வாழ்ந்த குடும்பங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தம்பானையின் முதுதலைவர் திசாஹாமி வெளியேற மறுத்தார், தம் மக்களின் உரிமையைக் கேட்டார், 1998இல் மறைந்தார். இன்று தம்பானையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வில்வித்தை காட்டப்படுகிறது. வில் இருக்கிறது, அதற்குப் பொருள் தந்த வாழ்வு இல்லை.

வனவிலங்கைக் காப்பது தேவையே. ஆனால் நீர்த்தேக்கங்களுக்கும் குடியேற்றங்களுக்கும் பெருங்காடுகளை அழித்த பின்னர், எஞ்சிய காட்டைக் காக்கும் சுமையை வில்லேந்திய சில குடும்பங்களின் தலையில் ஏற்றுவது எவ்வகை நீதி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு இதனைத் தூரத்துச் செய்தியென ஒதுக்க உரிமையில்லை. வாகரைக் கரையோரத்து வேடர் பேசுவது தமிழே. ஆயினும் நம் வரலாற்று நூல்களில் அவர்களுக்குரிய பக்கங்கள் எத்தனை? மன்னரின் வாளுக்குத் தந்த இடத்தை உழைத்துண்டோரின் வில்லுக்கும் தரும் வரலாறே மக்கள் வரலாறாகும். அதனை எழுதுவது நம் கடன்.